நூறில் ஒரு மில்லிமீட்டர்

சரக்கோடு சேர்த்து 25 டன் எடையுள்ள ஒரு லாரி, சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் மேட்டில் ஏறுகிறது. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 110 குதிரைத்திறன். டயர்கள் உருளும்போது எழும் தடைக்கு இன்னொரு 15. கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் வீணாவதையும் சேர்த்தால், எஞ்சின் 140 குதிரைத்திறனாவது கொடுத்தாக வேண்டும். அந்த லாரியின் எஞ்சினுக்குத் தொழிற்சாலை குறித்த திறன் 150 என்றால், கையிருப்பு பத்துதான்.

இந்தப் பத்தும் போய், கூடவே இன்னும் ஒரு பத்தும் போய்விட்டால் என்ன ஆகும்? வேகம் சற்றே குறைவதோடு முடியாது. ஓட்டுநர் கியரை ஒன்று இறக்க வேண்டிவரும். கியர்களுக்கு இடையிலான இடைவெளி பெரியது என்பதால் வேகம் சட்டென்று விழும், பின்னால் வண்டிகள் வரிசை கட்டும், டீசல் கணக்கு எகிறும். “வண்டியில இழுவை இல்லை” என்று அவர் சொல்வதன் பொருள் இதுதான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வரும் லாரிகள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் வருகின்றன.

நாம் பார்க்கப்போகும் எஞ்சினுக்கு 6பி.டி. என்று பெயர். அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 102 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 5.9 லிட்டர். இந்தியாவில் இதைத் தயாரிப்பதற்காக 1993-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தொடங்கப்பட்டது. டாடா 2515 போன்ற பத்துச் சக்கர லாரிகளில் நம் சாலைகளில் இது பல லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அமெரிக்காவிலோ 1989 முதல் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் இது வந்தது. அங்கே பழைய எஞ்சினை வாங்கிப் பிரித்து, தொழிற்சாலை கொடுத்ததைப்போல் இரண்டு மூன்று மடங்கு சக்தியை அதிலிருந்து வாங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஏராளம். எஞ்சின் ஒன்றுதான். ஒருவர் இழந்ததைத் திரும்பக் கேட்கிறார், இன்னொருவர் இல்லாததைக் கூட்டிக் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை தொடங்கும் இடம் ஒன்றே: உலோகப் பரப்புகளுக்கு நடுவே உள்ள, நூறில் சில மில்லிமீட்டர் அளவேயான இடைவெளிகள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்குவதால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. கணக்குப்படி அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். டீசல் தானே தீப்பிடிக்க அதில் பாதிகூடத் தேவையில்லை. ஆனால் நசுக்கப்படும் காற்று பிஸ்டனைச் சுற்றிக் கீழே கசிந்தால், அழுத்தமும் குறையும் வெப்பமும் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கசிவதற்கு நேரம் அதிகம். அதனால்தான் தேய்ந்த எஞ்சின் முதலில் காலை நேரத்து வெள்ளைப் புகையாகத் தன் நோயைக் காட்டுகிறது. கசிந்த வாயு கீழே ஆயில் சம்ப்புக்குள் போய், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வெளியே வரும். மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே அதன் நிலையைச் சொல்லும் மிக நேர்மையான சாட்சி இது.

பிரித்த பிறகு கண்ணுக்கு முதலில் படுவது சிலிண்டரின் மேல்பகுதியில் நகத்தில் தட்டுப்படும் ஒரு விளிம்பு. பிஸ்டன் ரிங் அதுவரைதான் ஏறும். அதற்கு மேலே தேய்மானம் இல்லை. அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் உச்சத்தில் இருக்கும். பிஸ்டன் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் அல்லவா அதிகம் தேய வேண்டும் என்று தோன்றும். நேர்மாறாக நடக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர். இந்த வேகத்தில் ரிங், ஆயில் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே அபூர்வம். உச்சியில் ஒரு கணம் பிஸ்டன் நின்று திரும்புகிறது. வேகம் சுழியமானதும் படலம் உடைகிறது. டீசல் எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்டுவதும் அதே நேரத்தில்தான். ஏர் ஃபில்டர் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்து சாலைத்தூசி உள்ளே வந்திருந்தால், அதிலுள்ள மணல் துகள்கள் அங்கே உப்புத்தாள்போல் அரைக்கின்றன.

மேலே கூடுதல், கீழே குறைவு என்று சிலிண்டர் கூம்பாகிறது. பிஸ்டன் ஒரு பக்கச் சுவரை அதிகம் அழுத்துவதால் முட்டை வடிவமும் ஆகிறது. இந்த எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட கூம்பு 0.076 மி.மீ., வட்டம் பிசகுவதற்கான வரம்பு 0.038 மி.மீ. முந்தையது ஒரு தலைமுடியின் தடிமன், பிந்தையது அதில் பாதி. சிலிண்டர் துளையை, அதாவது போரை, விரலால் தடவிப் பார்த்து “போர் நல்லாருக்கு, ரிங் மட்டும் மாத்தினா போதும்” என்று சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். போர் கேஜை உள்ளே விட்டு, மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில், ஆறு சிலிண்டரிலும் அளக்க வேண்டும்.

வரம்பு மீறியிருந்தால் அரை மில்லிமீட்டர் பெரிதாக போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இந்த எஞ்சினில் தனி லைனர் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டர் குடையப்பட்டிருக்கிறது. ஆகவே அரை மி.மீ., ஒரு மி.மீ. என இரண்டே வாய்ப்புகள். அதற்குமேல் ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். பெரிய போர் போட்டால் இழுவை கூடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் பரவலாக உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள்: அரை மி.மீ. கூட்டினால் கொள்ளளவு 58 கன சென்டிமீட்டர் கூடும். ஒரே ஒரு சதவீதம். போர் போட்ட பிறகு வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் காரணம் அந்த ஒரு சதவீதம் அல்ல. வட்டம் மீண்டும் வட்டமானதுதான்.

போரிங் மெஷின் விட்டுச்சென்ற பரப்பின்மேல் ஹானிங் கற்களை ஓட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடுவார்கள். பிளாக்கின் மேல்தளத்திலிருந்து 15 முதல் 25 டிகிரி சாய்வில் அந்தக் கோடுகள் அமைய வேண்டும். பளபளப்பான சிலிண்டர்தான் நல்ல சிலிண்டர் என்று நினைப்போம். ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பான சுவரில் ஆயில் தங்காது. கோடுகளின் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைக்கின்றன. மேடுகள் ரிங்கோடு உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று படிகின்றன. இந்த எஞ்சினைப் போட்டிக்காகத் தயார்செய்பவர்கள் இன்னொரு படி மேலே போகிறார்கள். ஹெட் போல்ட்டுகளை முறுக்கும்போது பிளாக் நுணுக்கமாக நெளிகிறது, சிலிண்டரின் வட்டமும் பிசகுகிறது. ஆகவே தடித்த இரும்புத் தட்டு ஒன்றை ஹெட்டுக்குப் பதிலாக வைத்து, அதே அளவு முறுக்கி, நெளிந்த நிலையிலேயே ஹானிங் செய்கிறார்கள். பிறகு நிஜ ஹெட்டை முறுக்கும்போது வட்டம் சரியாக வந்து நிற்கும்.

அடுத்து வருவது மிக மலிவான வேலை. மிக அதிகமாகத் தவறவிடப்படுவதும் அதுதான்: கழுவுதல். ஹானிங் கற்களிலிருந்து உதிர்ந்த துகள்கள் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். டீசலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் ஆயில் போகும், துகள் போகாது. சோப்புக் கலந்த வெந்நீரும் முரட்டு பிரஷ்ஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். முடித்த உடனேயே ஆயில் பூச வேண்டும். இல்லையென்றால் வெற்று வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும். புதிய பிஸ்டன், புதிய ரிங், நல்ல மெட்டல் (பேரிங்) எல்லாம் போட்ட எஞ்சின் சில மாதங்களிலேயே மறுபடி ஆயில் குடிக்கத் தொடங்கினால், போலி உதிரிப்பாகம் என்று கடைக்காரரைக் குறைசொல்வதற்கு முன் இந்த ஒரு வாளி வெந்நீரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் கணக்கு உண்டு. 102 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 320 மி.மீ. ரிங், சிலிண்டர் சுவரைவிட நூறு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 0.35 மி.மீ. நீளும். இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் முனைகள் முட்டி, ரிங் சுவரில் குத்தி நிற்கும். பிஸ்டனின் மேல்பகுதியே பிய்ந்துவிடும். அதனால் மேல் ரிங்குக்குக் குறைந்தது 0.4 மி.மீ. விடுகிறார்கள். கூடுதல் சக்திக்காகக் கட்டப்படும் எஞ்சினில் வெப்பமும் கூடும் என்பதால் இடைவெளியும் கூட வேண்டும். எதையும் இறுக்கமாகப் போட்டால்தான் நல்லது என்ற எண்ணம் எஞ்சினைக் கொல்லும்.

இனி, இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் மெட்டல்களும்.

பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1880-களின் தொடக்கத்தில் ரயில்வண்டி அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போகவில்லை. துளை வழியாகப் பொங்கி வெளியே வந்தது. மர ஆப்பு வைத்து அடைத்தார். ஆப்பையும் அது வெளியே தள்ளிவிட்டது. துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங்கின்மேல் ஏற்றியிருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலே அது காட்டியது. யாரும் பம்ப் செய்யாத ஆயிலில் இத்தனை அழுத்தம் எங்கிருந்து வந்தது? 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விடை எழுதினார். சுற்றும் அச்சு பேரிங்கின் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் குறுகும் ஆப்பு வடிவ இடைவெளி உண்டாகிறது. சுழற்சி ஆயிலை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. வெளியேற இடமில்லாத ஆயில் அச்சைத் தூக்கி மிதக்கவிடுகிறது.

6பி.டி. எஞ்சினின் கிராங்க், மெயின் மெட்டல்களில் அமரும் இடத்தில் 83 மி.மீ. விட்டம் கொண்டது. விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விட வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய கைக்கணக்கு. அதன்படி இங்கே 0.08 மி.மீ. ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன்மேல் விழும் விசையையும் பாருங்கள். உச்ச அழுத்தம் 120 பார் என்று கொண்டால், 102 மி.மீ. பிஸ்டனில் அது பத்து டன். இதைக் கனெக்டிங் ராடின் மெட்டல் தாங்குகிறது. அங்கே ஆயில் படலத்தின் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். டேஷ்போர்டில் தெரியும் ஆயில் பிரஷர் மூன்று நான்கு பார்தான். ஆக, ஆயில் பம்ப் கிராங்கைத் தூக்குவதில்லை. இடைவெளியில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. தூக்குவது சுழற்சியும் வடிவமும். இடைவெளி அதிகமானால் ஆயில் ஓரங்களில் ஒழுகி ஆப்பு உருவாகாது. குறைவானால் ஆயில் பாயாமல் சூடேறி, மெட்டல் அடித்துவிடும். மெல்லிய மெழுகு இழை ஒன்றை ஜர்னலின்மேல், அதாவது கிராங்கில் மெட்டல் அமரும் பரப்பின்மேல் வைத்து, மெட்டலை மூடும் கேப்பை முழு அளவு முறுக்கிக் கழற்றி, இழை எவ்வளவு நசுங்கிப் பரவியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். இந்தச் சில நிமிட வேலையை விட்டுவிட்டு எஞ்சினை மூடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

கிராங்கில் கீறல் இருந்தால் கால் மில்லிமீட்டர் கிரைண்ட் செய்து அண்டர்சைஸ் மெட்டல் போடலாம். அப்போது ஜர்னலின் ஓரத்தில், பக்கச்சுவரோடு அது சேரும் மூலையில் உள்ள சிறிய வளைவு அழியாமல் காக்கப்பட வேண்டும். ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர் ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப வரும் சிறு சுமைகூட உலோகத்தைச் சோர்வடையச் செய்து முறிக்கும் என்று காட்டினார். கூர்மையான மூலையில் விசை குவிவதால் விரிசல் அங்கேதான் பிறக்கும். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை உருட்டிவிடாமல் சதுரமாக அரைத்த கிராங்க், பார்க்க அழகாக இருக்கும்; மலையேற்றத்தில் இரண்டாக முறியும்.

ஹெட் வேலையில் விரைவாகச் சிலவற்றைச் சொல்லிவிடலாம். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. வால்வு சரியாகப் படியாவிட்டால் கசிவு மட்டுமல்ல, வால்வே கருகும். டேப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட்டுக்கு 0.25, எக்ஸாஸ்ட்டுக்கு 0.51 மி.மீ. கூடுதல் சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்த இரு மடங்கு இடம் தேவை.

இதுவரை செய்தது இழந்ததை மீட்பது. கூட்டுவது எப்படி? பம்பில் டீசலைக் கூட்டிவைப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் சிலிண்டருக்குள் இரண்டும் முழுதாகக் கலக்க நேரம் போதாது என்பதால், புகையில்லாமல் எரிய 18, 20 கிலோ காற்றாவது வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் மிஞ்சுவது கரும்புகை. அமெரிக்காவில் சிலர் வேண்டுமென்றே கரும்புகை கக்கவிட்டுப் பெருமைப்படுகிறார்கள். அது காசு கொடுத்து வாங்கிய டீசல் பாதி எரிந்து கரியாகிப் போவது. சாலையோரம் நிற்பவரின் நுரையீரலுக்குள் போவது.

எனவே காற்று. டர்போ 1.4 பார் கூடுதல் அழுத்தம் தருகிறது என்று கொள்வோம். அழுத்தும்போது காற்று சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போனது ஏறத்தாழ 155 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்திருப்பதால் அதே கன அளவில் எடை குறைவு. அதை இன்டர்கூலர் வழியே செலுத்தி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால், சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடும். எஞ்சினுக்குள் எதையும் தொடாமல் கிடைக்கும் லாபம் இது. அடைத்துப்போன இன்டர்கூலரும் வெடித்த ரப்பர் ஹோஸும் இதே லாபத்தைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்ளும். டீசல் பீய்ச்சும் நேரமும் முக்கியம்: 2,500 சுற்றில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கிராங்க் 15 டிகிரி திரும்பிவிடும். பம்ப் டைமிங் இரண்டு டிகிரி பிந்தினாலும் எரிப்பும் பிந்தி, சக்தியாக வேண்டியது வெப்பமாகச் சைலன்சரில் போகும்.

சக்தியைக் கூட்டுவது காற்றும் டீசல் பீய்ச்சும் முறையும்தான் என்பதற்கு இந்த எஞ்சினின் வரலாறே சாட்சி. டாட்ஜ் பிக்கப்பில் 1989-இல் 160 குதிரைத்திறன். 1996-இல் மேனுவல் கியர் வண்டிக்கு 215. 2004-இல் 325. சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் மாறவே இல்லை, அதே 5.9 லிட்டர். மாறியவை காற்று வரும் வழியும் டீசல் பீய்ச்சும் முறையும்தான்: நல்ல டர்போ, இன்டர்கூலர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, காமன் ரெயில்.

சக்தியைக் கூட்டினால் அந்தப் பத்து டன் பதினைந்தாகும், இருபதாகும். ஹெட் போல்ட்டுகள் ரப்பர் இழைபோல் நீண்டு, கேஸ்கெட்டின் ஓரம் கணநேரம் திறந்து மூடும். அதனால்தான் போட்டி எஞ்சின்களில் வலுவான ஸ்டட் போடுகிறார்கள். டர்போவுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டர் வைத்து, எக்ஸாஸ்ட் வெப்பம் தொடர்ந்து 700 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்கிறார்கள். பிஸ்டன் அலுமினியக் கலவை என்பதை மறக்கக் கூடாது. நம் லாரிக்கு இந்தத் தூரம் போகத் தேவையில்லை. வண்டியின் பிரேக், கிளட்ச், ஆக்ஸில் எல்லாம் 150-க்காக அமைக்கப்பட்டவை. பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. தொழிற்சாலை கொடுத்த 150-ஐ முழுதாகத் திரும்பப் பெறுவதே தொப்பூர் மேட்டுக்குப் போதும்.

மூடுவதற்கு முன் முன்பக்கக் கியர் கேஸைத் திறந்து ஒரு சின்ன ஆணியைப் பார்க்க வேண்டும். கியர் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்த அடித்த டவல் பின் அது. டாட்ஜ் வண்டிகளின் 6பி.டி.-யில் அதிர்வினால் அது மெல்ல நழுவி, டைமிங் கியர்களுக்கு நடுவே விழுந்து, ஹவுசிங்கை உடைத்த எஞ்சின்கள் ஏராளம். ‘கொலைகார ஆணி’ என்றே அங்கே அதற்குப் பெயர். பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு சிறு தகடு வைத்து அதை மறித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இந்த எஞ்சின் கையில் வந்தவர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

எஞ்சின் வண்டியில் ஏறியதும் நாள் முழுக்க ஸ்லோவில் ஓடவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. புதிய எஞ்சினைப் பூப்போல நடத்த வேண்டும் என்ற அக்கறை அது, ஆனால் தீங்கானது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. சுமையில்லாமல் ஓடினால் அந்த அழுத்தம் இல்லை. ரிங் படிவதற்குள் ஹானிங் கோடுகளில் ஆயில் கருகிப் பூச்சாகிவிடும். பிறகு என்ன செய்தாலும் படியாது. ஆயில் பிரஷரையும் தண்ணீர்க் கசிவையும் பார்த்து, எஞ்சின் சூடானதும் மிதமான சுமையில் ஏற்றியிறக்கி ஓட்டுவதே சரி. அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, தாள்மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய தூள் ரிங்கும் சிலிண்டரும் படிந்ததன் மிச்சம். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். செம்பு நிறத்தில் ஒட்டாத துகள்கள் தெரிந்தால் அவை மெட்டலிலிருந்து வந்தவை. வண்டியை லோடுக்கு அனுப்பாமல், சம்ப்பை இறக்கி மெழுகு இழையை மறுபடி எடுக்க வேண்டும்.